உறுதிமொழி சொல்லாத சாரணி

புதன்கிழமைக் காலைகளில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் ஒரு சின்னப் படைமுகாமாக மாறிவிடும். வாரத்தில் அந்த ஒரு நாள், இந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வழக்கமான சீருடையை விட்டுவிட்டு, தாங்கள் சேர்ந்திருக்கும் இயக்கத்தின் உடுப்பில் பள்ளிக்குப் போவார்கள். ஒரு மாடியில் குட்டிப் போலீஸ்காரர் ஒருவர் ஏறுவார். அடுத்த மாடியில் முதலுதவிப் படை. இன்னும் கீழே, தோள்பட்டையில் பொத்தான் மின்ன ஒரு கடற்படைச் சிறுமி. பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்த புதிதில், தூக்கக் கலக்கத்தோடு வேலைக்குக் கிளம்பிய நான், நாட்டில் ஏதோ ஆகிவிட்டது, நமக்குத்தான் சேதி வரவில்லை என்று ஒரு கணம் பதறியிருக்கிறேன். மன்னார்குடியில் நாங்கள் வாரம் முழுக்க ஒரே காக்கி நிக்கரில் பள்ளிக்குப் போனவர்கள். இப்போது என் மகள் மதியும் அந்தப் படையில் ஒருத்தி. பதின்மூன்று வயது, இடைநிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு, சாரணர் இயக்கம். மலாயில் அதற்குப் பெங்காகாப் என்று பெயர். தொப்பி, இடைவார், காலணி எல்லாம் சரியாக இருக்கும். கழுத்தில் கட்ட வேண்டிய ஸ்கார்ப் மட்டும் இருக்காது.

"ஏய் மதி, ஸ்கார்ப் மறந்துட்டியா? டீச்சர் ஏசப் போறாங்க லா" என்றார் லிஃப்டில் வந்த கீழ்வீட்டு ஆன்டி.

"மறக்கல ஆன்டி. எனக்கு இன்னும் குடுக்கல."

"ஏன்? எல்லா பிள்ளைங்களும் கட்டியிருக்கே."

"நான் இன்னும் ப்ராமிஸ் சொல்லல."

ஆன்டி என்னைப் பார்த்தார். நான் லிஃப்டின் எண்களைப் பார்த்தேன்.

சாரணர் இயக்கத்தில் சேர்ந்தவுடனே ஸ்கார்பைத் தந்துவிட மாட்டார்கள். எல்லார் முன்னிலையிலும் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொன்ன பிறகுதான் ஆசிரியர் அதைக் கழுத்தில் கட்டிவிடுவார். கடவுளுக்கும் மன்னருக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்வேன் என்பது அதன் முதல் பகுதி. துஹான், ராஜா, நெகாரா. மற்ற பிள்ளைகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். மதி மட்டும் தன் முறை வந்தபோது, கொஞ்ச நாள் வேண்டும் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகி நின்றிருக்கிறாள். இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து என் மனைவி தேவிகாவுக்கு வந்த குறுஞ்செய்தியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தேவிகா கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக வேலை. பெட்டாலிங் ஜெயாவில் கட்டடங்களுக்குக் குளிர்சாதன வரைபடம் போடும் அலுவலகத்துக்கு நான் வேலைக்கு வந்த பிறகு அவளைச் சந்தித்தேன். அவளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் கோயில், எண்ணெய்க் குளியல், சைவம். நானோ சாமி படம் இல்லாத வீட்டில் வளர்ந்தவன். அஞ்சலகத்தில் வேலை பார்த்த என் அப்பா பகுத்தறிவுக் கூட்டங்களுக்குக் கறுப்புச் சட்டையில் போவார். எனக்கு அறிவரசன் என்று பெயர் வைத்ததே அங்கே கேட்ட ஒரு பேச்சின் உற்சாகத்தில்தான். கிள்ளானில் நடந்த எங்கள் திருமணத்தில் நான் தாலி கட்டினேன், தீயைச் சுற்றி வந்தேன், மந்திரத்தை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. ஐயர் இரண்டு தடவை எனக்காக நிறுத்திப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குச் சமஸ்கிருதம் வாயில் நுழையவில்லை போல என்று தாமே சொல்லி முடித்துக்கொண்டார். மதி பிறந்தபோது நானும் தேவிகாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பிள்ளை எதையும் கட்டாயத்தில் செய்ய வேண்டாம், பெரியவளானதும் அவளே முடிவு செய்துகொள்ளட்டும். அப்போது அது எங்கள் இருவருக்கும் வெற்றி போலத் தெரிந்தது. அவள் ஒரு நாள் உண்மையிலேயே பெரியவளாகி, முடிவு செய்ய உட்காருவாள் என்பதை நாங்கள் இருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

குறுஞ்செய்தி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் தேவிகாதான் தொடங்கினாள்.

"எதுக்கு மதி வீண் பிரச்சன? எல்லாரும் சொல்றாங்க, நீயும் சொல்லிட்டு வர வேண்டியதுதானே லா."

"எல்லாரும் சொல்றாங்கன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

"திங்கக்கிழமை அசெம்ப்ளியில ருக்குன் நெகாரா சொல்றதானே? அதுல முதல்லயே கடவுள் நம்பிக்கைதானே வருது? ஸ்டாண்டர்ட் ஒன்லேர்ந்து சொல்ற. இப்ப மட்டும் என்ன?" ருக்குன் நெகாரா என்பது பள்ளிகளில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் தேசியக் கோட்பாடு.

மதி கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுல கமின்னு வரும்மா. நாங்க எல்லாரும்னு அர்த்தம். இதுல ஸாயா. நான். நான் மட்டும் நின்னு சொல்லணும். ப்ராமிஸ்னா ப்ராமிஸ்தானே?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நமக்குக் கடவுள் இருக்கா?"

இருபது ஆண்டுகளுக்கு முன்னால் யாராவது இதை என்னிடம் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். அன்று தேவிகாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவுக்கு இருக்கு, எனக்கு இல்லை, உனக்கு நீதான் பார்க்கணும் என்றேன். சரியான பதில்தான். ஆனால் கேட்ட பிள்ளையின் கையில் ஒன்றும் தராத பதில். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அலுவலகத்தில் கோடு நேராக விழவில்லை. எட்டாம் வகுப்பில் நானும் சாரணர் இயக்கத்தில் சேர்ந்தவன்தான். எங்கள் பக்கத்து உறுதிமொழியில் மன்னர் கிடையாது, கடவுளும் நாடும் உண்டு. விஷயம் தெரிந்து அப்பா பள்ளிக்கு வந்தார். சாரண ஆசிரியர் நல்ல மனிதர். "கடவுள்னு சொல்ல வேணாங்க. அதுக்குப் பதிலா தர்மம்னு சொல்லிக்கலாம், விதியிலேயே இடம் இருக்கு" என்றார். அப்பா விடவில்லை. "தர்மம்னா யாரோட தர்மம்? அத முதல்ல சொல்லுங்க" என்று தொடங்கி, மணி அடிக்கும்வரை இருவரும் வேப்பமரத்தடியில் நின்று வாதாடினார்கள். அன்றோடு என் சாரண வாழ்க்கை முடிந்தது. மறுநாளிலிருந்து கோகோ விளையாடப் போனேன். உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றியதாக நினைவில்லை. மதிக்கு நிறையத் தோன்றியது. அதுதான் எனக்கு நிலைகொள்ளவில்லை.

பள்ளிக்குப் போய் ஆசிரியையைப் பார்த்தேன். சிக்கு ஹஸ்னா. சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். முதன்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது தலைமுடிச் சிக்கலைத்தான் நினைத்தேன். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், தலையில் முக்காடு, கழுத்தில் ஊதல், கையில் ஒரு கயிற்றுச் சுருள். அவர் ஆங்கிலத்தையும் நான் என் அரைகுறை மலாயையும் கொண்டு பேசினோம். என் மகளுக்கு துஹான் என்ற சொல்லில் சிரமம் இருக்கிறது என்றேன். அவர் முகம் இளகியது. எஞ்சிக், அதாவது ஐயா என்று மரியாதையாகத் தொடங்கினார். "எஞ்சிக் அறிவு, துஹான் என்றால் எங்களுடைய இறைவன் மட்டும் இல்லை. எல்லாருக்கும் பொது. உங்கள் பிள்ளை உங்கள் துஹானை நினைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு தவறும் இல்லை" என்றார். அதில்லை பிரச்சினை என்றேன். வேறென்ன என்று கேட்டார். நாத்திகம் என்பதற்கு என் வாயில் மலாய்ச் சொல் வரவில்லை. ஆங்கிலச் சொல் வந்தது, சொல்லவில்லை. மனைவியின் நாட்டில், மனைவியின் பெயரால் கிடைக்கும் அனுமதியில் ஆண்டாண்டாகத் தங்கியிருப்பவனுக்கு இந்தத் தயக்கம் உடம்பில் ஊறிவிடும். தேவிகாவும் அன்று காலை, "அங்க போய் எங்க வீட்டுல சாமியே கிடையாதுன்னு ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன். "இதற்குப் பதிலாக வேறு சொல் ஏதாவது உண்டா? எங்கள் ஊரில் உண்டு."

"இங்கே இல்லை. சொல்லை நான் மாற்ற முடியாது." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனால் அவசரப்படுத்தவும் மாட்டேன். யோசிக்காமல் சொல்கிற பிள்ளைகளைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் கேம்ப். அவள் வரட்டும். உதவிக்குப் பெற்றோரும் தேவை, நீங்களும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு சமயப் பிள்ளைகளும் தனித்தனியாகப் பிரார்த்தனை செய்வார்கள். இந்துப் பிள்ளைகளை நீங்கள் நடத்தலாம். நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர், உங்களுக்கு எல்லாம் தெரியும்."

நான் மறுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேவிகாவிடம் சொன்னபோது சோபாவில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

கேம்ப் நடந்தது ஹுலு லங்காட் பக்கத்தில், காட்டை ஒட்டிய ஓர் ஆற்றங்கரையில். ஆறு என்று சொன்னால் காவிரியை நினைத்துவிடாதீர்கள். அகலம் ஒரு தெருவளவு, ஆழம் முழங்காலளவு, அடியில் கூழாங்கல் தெரியும் குளிர்ந்த தண்ணீர். சனிக்கிழமை மதியம் வானம் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் தடக்குறிப் பயிற்சியில் இருந்தார்கள். கல்லையும் குச்சியையும் அடுக்கி, இந்தப் பக்கம் போ, இங்கே திரும்பு என்று பின்னால் வருகிறவர்களுக்கு வழி சொல்வது. மதியும் அவளுடைய தோழி அயினும் எதிர்க்கரையில் குறி வைக்கப் போயிருந்தார்கள். அயின் மலாய்ப் பெண், வாயாடி, எங்கள் வீட்டுக்கு வந்தால் தோசையைச் சீனியில் தொட்டுச் சாப்பிடுவாள். நான் இக்கரையில் பெரிய சட்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

தண்ணீரின் நிறம் மாறியதை முதலில் பார்த்தவர் சிக்கு ஹஸ்னா. தெளிவாக ஓடிய ஆற்றில் கலங்கலும் சருகும் வரத் தொடங்கியிருந்தன. அவர் ஊதலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே ஓடிவந்தார். ஆற்றுக்குள் நின்ற பிள்ளைகள் கரையேறினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கெப்பாலா ஆயர் என்று யாரோ கத்தினார்கள். தண்ணீரின் தலை என்று அதற்குப் பொருள். மேலே மலையில் பெய்த மழை, இங்கே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமாக இறங்கிவருவது. எதிர்க்கரையில் மதியும் அயினும் இறங்க எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியதைப் பார்த்தேன். அடுத்த மூச்சுக்குள் ஆறு வேறொன்றாகிவிட்டது. பழுப்பு நிறத்தில், மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு, நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியையும் தூக்கிக்கொண்டு போனது.

அவர்கள் நின்ற மேடு உயரமானதுதான். அங்கே தண்ணீர் வராது என்று முகாம் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் சொன்னார்கள். ஆனால் பின்னால் அடர்ந்த காடு. இடையில் யாரும் இறங்க முடியாத ஆறு. போதாக்குறைக்கு மழை எங்கள் தலைக்கு மேலும் வந்துவிட்டது. மீட்புப் படைக்குச் சொல்லியாயிற்று, வழியில் மரம் விழுந்திருப்பதால் நேரமாகும் என்றார்கள். சிக்கு ஹஸ்னா கயிற்றை மரத்தில் கட்டினார், மற்ற பிள்ளைகளை எண்ணினார், கூடாரத்துக்குள் உட்கார வைத்தார். எல்லாவற்றையும் செய்துகொண்டே அவருடைய உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. கையும் வாயும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. அவருக்கு அழைக்க ஒரு பெயர் இருந்தது. எனக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆபத்தில் நாத்திகன் வாயிலும் முருகா என்று வந்துவிடும் என்பார்கள். எனக்கு வரவில்லை. மதி, மதி என்றுதான் கூப்பிட்டேன். ஆற்றின் இரைச்சலில் அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

சிறிது நேரத்தில் அக்கரையில் ஓர் அசைவு. மதி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து, நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பினாள். திசைகாட்டி என்பது பிறகுதான் புரிந்தது. அவள் கையை நீட்டிக் காட்டிய திசையில் காடுதான் இருந்தது. அயின் தலையாட்டினாள். இரண்டு பேரும் காட்டுக்குள் நடந்து வழி தேடப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். "போகாதே, அங்கேயே நில்லு" என்று தமிழில் கத்தினேன். கைகளை வீசினேன். ஆற்றின் விளிம்புக்கே போய்விட்டேன். சிக்கு ஹஸ்னா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"அவர்கள் எங்கும் போகவில்லை, எஞ்சிக். பாருங்கள். நேரம் அசார்."

அசார் என்பது பிற்பகல் தொழுகை. அயின் மழைநீரைக் கையில் ஏந்தி முகத்தையும் கைகளையும் கழுவினாள். மதி காட்டிய பக்கம் பார்த்து நின்றாள். தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லாத் அந்தப் பக்கம், மேற்குக்குச் சற்று வடக்கே. மதி தன் பையிலிருந்து தரைவிரிப்புப் பிளாஸ்டிக்கை எடுத்தாள். அதை அவள் தன்மேல் போர்த்திக்கொள்ளவில்லை. இரண்டு முனைகளையும் கைகளில் பிடித்து அயினின் தலைக்கு மேல் உயர்த்தினாள். அயின் குனிந்தபோது மதியும் குனிந்தாள், அயின் நெற்றியைத் தரையில் வைத்தபோது மதியும் முழங்காலிட்டுப் பிளாஸ்டிக்கைத் தாழ்த்தினாள், எழுந்தபோது எழுந்தாள். மழை முழுவதும் மதியின் முதுகில் விழுந்தது. என் பக்கத்தில் சிக்கு ஹஸ்னா ஓதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன் வெள்ளம் வடிந்தது. எப்படிக் கோபமாக வந்ததோ அப்படியே ஒன்றும் நடக்காததுபோல இறங்கிவிட்டது. மீட்புப் படையினர் வந்து கயிறு கட்டி இருவரையும் இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். மதியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளை ஒரு துண்டில் சுற்றி மைலோ குடிக்கவைத்தேன்.

"பயந்தியா?"

"அயின் பயந்துட்டா. அதனால நான் பயப்பட முடியல." ஒரு மிடறு குடித்தாள். "அவ கேட்டா, நீ வேண்டிக்கலயான்னு. யார்கிட்ட வேண்டிக்கறதுன்னு எனக்குத் தெரியலன்னு சொன்னேன். சரி, அப்ப கிப்லாத்தாச்சும் கண்டுபிடிச்சுக் குடுன்னா."

"பிளாஸ்டிக் பிடிச்சியே."

"ஆமா, நனையுறா இல்ல?" என்றாள், இதையெல்லாம் கேட்பார்களா என்பதுபோல. பிறகு கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, அவ வேண்டிக்கிட்டா. நான் சும்மா நின்னேன். தண்ணி ரெண்டு பேருக்கும்தானே வடிஞ்சுச்சு. அதுல எனக்கு ஏதாச்சும் கடமை வந்துருச்சா?"

தெரியாது என்றேன். இந்த முறை தேவிகா பக்கத்தில் இல்லை, யாருக்கும் பயந்து சொல்லவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

தேவிகாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெள்ளம் வந்தவுடன் அவளுக்கும் பள்ளியிலிருந்து தகவல் போயிருக்கிறது. மருந்தகத்தில் நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை பத்திரமாக வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக. மதி கைபேசியை வாங்கி, "நீங்க வேண்டிக்கிட்டதுக்கு நான் எடுக்கணுமாம்மா?" என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உன்னை யார் எடுக்கச் சொன்னா? வாக்கு குடுத்தது நானு. நான் எடுத்துக்கறேன். நீ மொதல்ல தலைய துவட்டு" என்றாள் தேவிகா.

முகாமைக் கலைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில் இருந்த மண்டபத்துக்கு எல்லாரையும் மாற்றினார்கள், மறுநாள் காலை பெற்றோர்கள் வந்து அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. அதனால் ஞாயிறு காலைப் பிரார்த்தனையிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. மண்டபத்தின் ஒரு மூலையில் இந்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கைகூப்பி உட்கார்ந்தார்கள். மதியும் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். ஏதாவது முணுமுணுத்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தப் பார்வையின் முன்னால் முடியவில்லை.

"எனக்குப் பூஜை, பிரார்த்தனை எல்லாம் பழக்கம் இல்ல" என்றேன். "உங்கள்ல யாராவது நடத்துங்க."

"அங்கிள், நீங்க இந்தியாதானே?" என்றாள் ஹேமலதா என்ற பெண். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வருகிறவள். நான் ஏதோ ஏமாற்றுகிறேன் என்ற சந்தேகம் அவள் குரலில். பிறகு அவளே முன்னால் வந்து ஒரு பழைய பதிகத்தைப் பாடத் தொடங்கினாள். நல்ல குரல். இரண்டாம் பாட்டின் நடுவில் வரி மறந்து நின்றுவிட்டாள். மற்றவர்களுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அது எங்கள் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடப் பகுதி. எதுகையையும் மோனையையும் அடிக்கோடிட்டுப் படித்துத் தேர்வில் எழுதியது. அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். மறுபடி நின்றாள், மறுபடி கொடுத்தேன். கடைசிவரை அப்படியே போனது. அவளுக்கு அது பக்தி, எனக்கு அது செய்யுள். ஆனாலும் பாட்டு முடிந்தபோது அவள் "தேங்க்ஸ் அங்கிள், உங்களுக்குத் தெரியும்ல" என்றாள்.

அன்று மாலை மன்னார்குடிக்கு அழைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பதைத் தொட்டுவிட்டார், காது மந்தம், கருத்து மந்தமில்லை. ஆறு, திசைகாட்டி, தொழுகை, பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"அந்தப் பொண்ணு தொழுவுச்சு. நம்ம புள்ள மழைக்கு மறைப்புப் புடிச்சுச்சு. அப்படித்தான?"

"ஆமாப்பா."

"சரியாத்தான் செஞ்சிருக்கு." பிறகு, "அந்த உறுதிமொழிய இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். கடவுளைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். "மன்னர் வேறயா? இந்தக் காலத்துல என்னடா மன்னரு?" என்று அதையே பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். அது என் மகளுடைய நாட்டின் முறை அப்பா என்றேன். அப்படிச் சொன்னபோதுதான், என் மகளுடைய நாடு என்று நான் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறேன் என்று உறைத்தது. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். சரி, மருந்து சாப்பிடணும் என்று வைத்துவிட்டார்.

மதி அதன்பிறகும் சில வாரங்கள் எடுத்துக்கொண்டாள். நாங்கள் கேட்கவில்லை. ஒரு நாள் காரில், சுபாங் ஜெயா நெரிசலில் நின்றிருந்தபோது, "சிக்குகிட்ட சொல்லிட்டேன், சொல்றேன்னு" என்றாள். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன். தேவிகா என் முழங்கையில் கை வைத்தாள். மதி தானாகவே சொன்னாள். "இருக்கான்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆனா ப்ராமிஸ்ல இருக்குன்னு சொல்லச் சொல்லல. கடமை செய்வேன்னுதான் இருக்கு. தெரியாதவங்களுக்குக்கூடக் கடமை செய்யலாம்ல?" தேவிகா முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பதில் போதவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் எங்கேயோ எங்கள் மகள் தனக்கென ஓர் இடம் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அங்கே எங்கள் இருவராலும் போக முடியவில்லை.

விழா பள்ளி மண்டபத்தில் நடந்தது. பெற்றோர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மதி மேடையில் தனியாக நின்று வலக்கையை உயர்த்தினாள். ஸாயா என்று தொடங்கினாள். துஹான் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டாள். ஒரு மூச்சளவு. மறந்துவிட்டாள் என்று யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். சிக்கு ஹஸ்னா எடுத்துக்கொடுக்கவில்லை, கையில் ஸ்கார்போடு காத்திருந்தார். மதி அந்தச் சொல்லைச் சொன்னாள். ராஜா, நெகாரா என்று தொடர்ந்தாள், முடித்தாள். அயின்தான் கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினாள். தேவிகா அழுதுகொண்டிருந்தாள். அது மகிழ்ச்சியா, அந்த இடைவெளி அவளுக்கும் கேட்டுவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் தேசிய கீதம். எல்லாரும் எழுந்தோம். இத்தனை ஆண்டுகளில் வரிகள் எனக்கு மனப்பாடம். பாடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, பாடு என்றும் சொன்னதில்லை. என் ஒரு பக்கம் தேவிகா பாடினாள், மேடையில் மதி பாடினாள். நான் மன்னார்குடிப் பள்ளி மைதானத்தில் பழக்கியபடி, குதிகாலை ஒட்டி, கைகளைத் தொடையோடு நீட்டி, விறைப்பாக நின்றேன். கீதம் முடிந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம், இருமல், பேச்சு. ஊரில் கீதம் முடிந்ததும் ஒரு மாணவன் முன்னால் வந்து முழக்கம் எழுப்புவான், நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொல்வோம், அதற்குப் பிறகுதான் உடம்பைத் தளர்த்தலாம். மண்டபம் முழுக்க உட்கார்ந்துவிட்ட பிறகும் நான் மட்டும் அந்த முழக்கத்துக்காக நின்றுகொண்டிருந்திருக்கிறேன். மேடையில் மதி என்னைப் பார்த்துவிட்டாள். யாருக்கும் தெரியாதபடி, இடுப்புப் பக்கத்தில் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, உட்காருங்கப்பா என்று சைகை காட்டினாள். பதில் சொல்லத் திறந்திருந்த வாயை மூடிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.